லாரி கேபினில் விசில் சத்தமா? ரப்பரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. நாமக்கல்லில் வீட்டு வாசலில் இருந்து பேசுகிறேன். பின்னால் நிற்பது நம் வண்டி. 2009 மாடல், ஆறு சக்கரம். சேசிஸாக வாங்கி, இந்த ஊர்ப் பட்டறையில் கேபின் கட்டியது. நாலு மாதமாக டிரைவர் கதவுப் பக்கம் ஒரு விசில். 50 தாண்டினால் தொடங்கும், 60இல் காதைக் குடையும். கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் தலைவலி வந்துவிடும்.

ஒரு கடையில் காட்டினேன். "பீடிங் (கதவு ஓர ரப்பர்) போயிருச்சுண்ணே" என்று இரண்டு கதவுக்கும் புது ரப்பர் போட்டார்கள். மறுநாள் அதே விசில். காசு போனதை விட, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அதனால்தான் இந்த வீடியோ.

முதலில், அது காற்றுச் சத்தம்தானா? ஒரே வேகத்தில் போகும்போது கியரை மாற்றிப் பாருங்கள். எஞ்சின் சுற்று மாறியும் சத்தம் மாறவில்லை என்றால் எஞ்சின் இல்லை. அப்புறம் கதவுக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்குங்கள். எனக்கு விசில் உடனே நின்றது. அப்படி நின்றால் ஏதோ ஒரு சந்து வழியாகக் காற்று போய்வருகிறது என்று அர்த்தம். இதை விடியற்காலையில், காற்று அடங்கிய நேரத்தில் செய்யுங்கள். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்ச் செய்தால் பக்கக்காற்றில் எல்லா வண்டியும் ஊளையிடும், ஒன்றும் புரியாது.

இப்போது கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, ரப்பர் மேல் வைத்துக் கதவைச் சாத்துங்கள். மெதுவாக இழுங்கள். கீழே, பூட்டுப் பக்கம் எல்லாம் நன்றாகப் பிடிக்கிறது. பேப்பர் கிழிகிறதே தவிர வரவில்லை. மேலே போகிறேன். முன்கண்ணாடித் தூணும் கூரையும் சேரும் மூலை... பார்த்தீர்களா? வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு சாண் நீளத்துக்குப் புது ரப்பர் சட்டத்தைத் தொடவே இல்லை. முன்கண்ணாடியில் மோதும் காற்று இந்தத் தூணைச் சுற்றித் திரும்பும்போது வேகம் பிடிக்கும், அங்கே வெளியே அழுத்தம் குறையும். கேபின் காற்றை அந்தச் சந்து வழியாக வெளியே உறிஞ்சும். விசில் அதுதான்.

உறுதிசெய்ய அந்த மூலையில் மட்டும் வெளிப்பக்கம் பெயின்ட் டேப் ஒட்டி ஓட்டினேன். 60இல் சத்தம் இல்லை. டேப்பை உரித்தேன், திரும்ப வந்தது.

சரி, ரப்பர் புதிது, ஏன் தொடவில்லை? கதவைப் பாதி திறந்து, பூட்டு முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள். இதோ, ஆடுகிறது. மேல் கீலில் உள்ள கம்பியும் (பின்), அதைச் சுற்றியிருக்கும் வளையமும் (புஷ்) தேய்ந்து, கதவு தொங்கிவிட்டது. பதினைந்து வருடமாகக் கதவைப் பிடித்துத் தொங்கி ஏறினால் தேயாமல் என்ன செய்யும்? அந்தப் பின், புஷ் இரண்டையும் மாற்றி, பூட்டுக் கொக்கியைக் கொஞ்சம் நகர்த்தினோம். இப்போது அதே மூலையில் பேப்பர் இறுகப் பிடிக்கிறது.

ஆனால் இந்தத் தேடலில் எனக்குப் பயம் தந்தது வேறொன்று. கேபின் தரையில் கிடந்த கால்மிதி விரிப்பைத் தூக்கினேன். கிளட்ச் பெடல் தண்டு தரைக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றி, செம்புழுதி விசிறி விரித்த மாதிரி படிந்திருக்கிறது. காற்று அந்த வழியாக உள்ளே வருகிறது. இரவில் தம்பியை வண்டிக்கு அடியில் டார்ச் பிடிக்கச் சொன்னேன். கியர் லீவர் அடியில் உள்ள ரப்பர் உறையின் கிழிசலிலும் எஞ்சின் மூடியின் ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. விசிலாவது காதுக்குத் தெரியும். இந்த ஓட்டைகள் சத்தமே போடாமல் எஞ்சின் சூட்டையும் புகையையும் உள்ளே விடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று வரும், நாம் அலைச்சல் என்று நினைத்துக்கொள்வோம். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸாஸ்ட் குழாய் இணைப்புகளில் கரி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எஞ்சின் பக்கம் சாதாரண ஃபோம் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். சூடு தாங்கும் ரப்பரும் ஷீட்டும் போடுங்கள்.

இன்னொன்று. கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை மழைத்தண்ணீர் வடிய விட்டவை. ஓட்டை என்றதும் சிலிக்கோன் பசை வைத்து அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆகிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் நம்மில் பலர் இன்னும் பழைய கேபினில்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போது விசில் இல்லை. 65 தாண்டினால் இடது பக்க மிரர் கம்பியில் மட்டும் லேசான முனகல் கேட்கிறது. இன்று அதில் துணி சுற்றி ஓட்டிப் பார்க்கப்போகிறேன்.