அம்முச்சியின் கையெழுத்து

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் வாசகசாலையில் குடியரசு தினத்தன்று பேசியது)

பெரியவர்களுக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

'நான் காணும் நாளைய இந்தியா' என்று தலைப்புக் கொடுத்தார்கள். ராக்கெட், புல்லட் ரயில் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுத எழுத, அம்முச்சியின், அதாவது என் அம்மாவைப் பெற்ற பாட்டியின், கட்டைவிரல்தான் கண்முன் வந்து நின்றது.

போன வருஷம் பென்ஷன் விஷயமாக அம்முச்சியை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். படிவம் முழுக்க மலையாளம். அம்முச்சி மலையாளம் பேசுவார், சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு நன்றாகவே பேசுவார். படிக்கத்தான் வராது. ஆனால் தமிழ்ப் பேப்பரைத் தினமும் திண்ணையில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படிக்கத் தெரியாதா? அப்போ கைநாட்டு வையுங்க" என்றார் அங்கே இருந்தவர். திட்டவில்லை, அவசரத்தில் சொன்னார். அம்முச்சி பேசாமல் விரலை நீட்டிவிட்டார். வெளியே வந்து, சேலைத் தலைப்பில் மையைத் துடைத்துக்கொண்டே, "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் கண்ணு" என்றார். பஸ்ஸில் வீடு வரும் வரை வேறு எதுவும் பேசவில்லை.

'தமிழில் கையெழுத்துப் போடுவார்' என்று சொல்ல எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மலையாளத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பள்ளியில் ஆசையோடு படித்த மொழி அது. என் தோழிகளில் பாதிப் பேர் வீட்டில் பேசுவதும் அதுதான். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தன. எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் பேர், இந்தப் பக்கம் கொஞ்சம் பேர் நிற்கத்தான் செய்வார்கள். அதை அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். அதே ஆண்டு வந்த அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தில் 350ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் இருந்துகொண்டே நான் அ, ஆ படித்தது தமிழில். எங்கோ டெல்லியில் இருந்தவர்கள் நம்மையும் நினைத்து ஒரு வரி எழுதினார்கள் என்று தெரிந்த அன்று, இந்த நாடு எனக்கு ரொம்பப் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது.

நம் வாய்க்கால் தண்ணீரையே பாருங்கள். பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில். அதைப் பராமரிப்பது தமிழ்நாடு. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துத் தண்ணீர் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பாய்கிறது. நமக்கோ ஆழியாற்று வழியாக, மணக்கடவு தடுப்பணையில் அளந்து, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். 1970 மே மாதம் இரண்டு மாநிலங்களும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. மழை குறைந்தால் சண்டை வரும், பேச்சுவார்த்தையும் நடக்கும். ஆனாலும் இத்தனை வருஷமாக அளக்கிறார்கள், திறக்கிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள். நமக்குத் தண்ணீர் திறக்கும் மூலத்தரா மதகில் ஷட்டர் தூக்கினார்கள் என்று சேதி வந்ததும் நம் அப்பாமார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்களே, அந்த நாளில் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். நான் காணும் இந்தியா அந்த முகம்தான். உரியது அளந்து கிடைக்கும், கேட்டால் கணக்குச் சொல்வார்கள் என்ற தைரியம் ஒவ்வொரு முகத்திலும் இருக்க வேண்டும். தண்ணீரில் அந்தத் தைரியம் இருக்கிறது. ஒரு படிவத்தில், ஒரு கையெழுத்தில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. 1989க்கு முன்னால் என்றால் ஓட்டுப் போட இருபத்தொன்று வரை காத்திருக்க வேண்டும். இப்போது நான் வாக்காளர், அப்படியென்றால் கிராம சபையிலும் உறுப்பினர். கேரளத்தில் அது வார்டுவாரியாகக் கூடுகிறது, நாலு வீடு தள்ளிப் போனால் போதும். அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து நிற்பேன். தமிழர்கள் வசிக்கும் வார்டுகளுக்குத் தமிழ்ப் படிவமும் வேண்டும் என்று கேட்பேன், தமிழிலும் மலையாளத்திலும் கேட்பேன். கிடைக்கும் என்று நம்புகிறேன். முதல் தடவை கிடைக்காவிட்டால் மூன்றாவது தடவை கிடைக்கும்.

அதுவரை சும்மா இருக்கப் போவதில்லை. நாங்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேர் மலையாளத் தோழிகள், சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நாலு மணிக்கு இதே வாசகசாலைத் திண்ணையில் உட்காரப் போகிறோம். ரேஷன், பென்ஷன், நிலவரி, எந்தப் படிவமானாலும் சரி, வரி வரியாகத் தமிழில் வாசித்துச் சொல்வோம். கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டும். கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். அம்முச்சி முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.