நுரை வாளும் மரக்கட்டைக் கோபுரமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் இரண்டு வகை உண்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பேச்சாலேயே கதையை நகர்த்துவது ஒன்று. வேடம் கட்டிக்கொண்டு காட்டிலோ கோட்டையிலோ ஓடியாடுவது இன்னொன்று. ஆபத்து உறைப்பது இரண்டாவதில்தான் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

1974-இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை ஆட்டத்தில் உயிர் என்பது ஓர் எண். அறுபது புள்ளி வைத்திருக்கும் வீரனை நோக்கிக் காவலாளி அம்பைக் குறிவைத்தால், தைத்தாலும் சில புள்ளிகள்தானே போகும் என்று ஆட்டக்காரர் கணக்குப் போட்டுவிடுவார். பாவம் அந்தக் காவலாளி!

1982-இல் இங்கிலாந்தின் பெக்ஃபோர்டன் கோட்டையில் தொடங்கிய 'ட்ரெஷர் ட்ராப்' என்ற வேட ஆட்டம், ஆட்டக்காரர்களை நிஜமான கற்சுவர்களுக்கு நடுவிலேயே இறக்கிவிட்டது. இருட்டில், திருப்பத்துக்கு அப்பால் காலடி கேட்கும்போது எவருக்கும் கணக்கு ஓடாது. ஆனால் வாள் வெளியே வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. இவ்வகை ஆட்டங்களில் இன்று பெரும்பாலும் கண்ணாடியிழைத் தண்டில் நுரையைச் சுற்றி, லேடெக்ஸ் என்ற ரப்பர் பால் பூசிய வாள்தான். வீச்சையும் அடக்கித்தான் வீச வேண்டும். முதல் அடி பட்டவுடனே 'இவ்வளவுதானா?' என்று உடம்பு தெரிந்துகொள்கிறது. டிராகன் வந்தால் இன்னும் மோசம். மேசையில் ஒரே வாக்கியத்தில் வானை மறைத்துவிடும் அது, மைதானத்தில் துணிக்கடியில் நாலு பேருடைய காலணிகளோடு வந்து நிற்கும். அரக்க வேடத்துக்குச் செலவழிப்பதைவிட விளக்கை அணைப்பது மேல், காசும் மிச்சம்.

மேசை ஆட்டம் எண்ணையே பயமாக்கவும் கற்றுக்கொண்டது. 1981-இல் வந்த 'கால் ஆஃப் கதுல்ஹு' என்ற திகில் ஆட்டத்தில் மனத்தெளிவுக்கு ஒரு புள்ளிக்கணக்கு உண்டு. கோரத்தைக் கண்டால் பகடை உருட்ட வேண்டும். தவறினால் புள்ளி இறங்கும், எளிதில் ஏறாது. ரப்பரால் அழித்து அழித்துச் சிறிய எண்ணாக எழுதும்போது ஆட்டக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

'ட்ரெட்' என்ற ஆட்டத்தில் பகடையே கிடையாது. நடுவில் 54 மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரம். கதவைத் திறக்கிறாயா? ஒரு கட்டையை உருவி மேலே வை. கோபுரம் சரிந்தால் உன் பாத்திரம் ஆட்டத்தை விட்டுப் போயிற்று. முழங்கை தட்டிச் சரிந்தாலும் அதே கதிதான். ஆட்டம் முற்ற முற்றக் கட்டையைத் தொடும் விரல் நிஜமாகவே நடுங்குகிறது, அதுவும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. கோபுரத்தை வேண்டுமென்றே தள்ளிவிடவும் விதி இடம் தருகிறது: பாத்திரம் நினைத்ததைச் சாதித்துவிட்டுச் சாகும்.

நன்றி, வணக்கம்.