வெட்டாத ஷாட்டுக்குக் கணக்கு வேண்டும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபத்திலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே!

இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் வாழ்க்கைக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மேலூர்ப் பக்கத்துக்காரர். சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்தார். இயக்குநர் சற்குணத்திடம் உதவி இயக்குநர், பிறகு மணல்மகுடி நாடகக்குழு. 2021-இல் 'கூழாங்கல்' ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. 2024-இல் 'கொட்டுக்காளி' பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவுக்குப் போனது. இதெல்லாம் நீங்களே தேடிப் படித்துக்கொள்ளலாம்.

படத்துக்கு வருவோம். 'கூழாங்கல்'லில் பஸ் காசை மகன் கிழித்துப் போடுகிறான். அப்பனும் மகனும் 13 கிலோமீட்டர் வெயிலில் நடக்கிறார்கள். "என்ன வெயில்!" என்று யாரும் வசனம் பேசுவதில்லை. ஷாட்டை வெட்டாமல் விடுகிறார், தூரம் நம் காலில் ஏறுகிறது. 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோ இன்ஜின் சத்தமும் ஊர்ச் சத்தமும்தான். இதைப் பார்த்துவிட்டு, "இசை வேண்டாம், செட் வேண்டாம், செலவில்லை" என்று தனுஷ்கோடிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்குப் போடுங்கள். மனிதர் சாதாரணமாக நடந்தால் நிமிடத்துக்கு 75 மீட்டர். நாலு நிமிட ஷாட்டுக்கு 300 மீட்டர் வெற்று மணல் வேண்டும். பொதி மணலில் கால் புதையும், நடை குறையும். ஆகவே ஒத்திகையை மணலிலேயே வைத்து, கடிகாரம் பிடித்து அளக்க வேண்டும். நடுவில் வெட்டி ஒட்ட வேறு ஷாட் இருக்காது. மூன்றாவது நிமிடத்தில் வசனம் தடுமாறினால் முதலிலிருந்துதான். அப்போது முந்தைய டேக்கின் காலடித்தடம் மணலில் பல்லிளிக்கும்! பத்தடி தள்ளிப் புதுத் தடம் பிடியுங்கள், அல்லது அலை வந்து அழிக்கும் ஈரக்கரையில் நடக்க விடுங்கள். மதியத்துக்குப் பின் நிழல் வேகமாக நீளும், டேக்குகளை அடுத்தடுத்து முடித்துவிடுங்கள்.

உச்சி வெயிலில் கேமராவின் ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 800, ஷட்டர் 1/50 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 5.6 வைத்தால், வெளிச்சத்தை ஏழு முறை பாதியாக்கும் 7 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் வேண்டும். வெள்ளை மணல் கண்ணைக் கூசும் இடத்தில் இன்னொரு ஸ்டாப். ஃபில்டர் இல்லாமல் ஷட்டர் வேகத்தை ஏற்றினால் நடை வெட்டி வெட்டித் தெரியும். வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். ட்ரைபாடின் கால்களை அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். விட்டால் உப்பு பூட்டைப் பிடித்துக்கொள்ளும். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத்தளம் இருக்கிறது, ட்ரோன் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஒலிதான் பெரிய வில்லங்கம். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ரோம உறை போடாத மைக்கில் வசனம் உடைந்து பதியும். எந்த மென்பொருளும் அதை முழுசாக மீட்காது. மைக்கை நடிகரின் சட்டைக்குள் வையுங்கள், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பதியுங்கள், எடிட்டிங்கில் வசனத்துக்கு அடியில் ஒட்ட உதவும். அந்த மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) இரையும், வடகடல் (பாக் விரிகுடா) அடங்கிக் கிடக்கும். ஒன்றின் சத்தத்தை இன்னொன்றுக்கு ஒட்டினால் இந்த ஊரில் கடலுக்குப் போகிறவர் எவரும் கண்டுபிடித்துவிடுவார்.