பட்டனை அமுக்கினால் பாட்டு வருமா?

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கொடிமரத்தடியில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம். ஏழு நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். வணக்கத்திலேயே ஏழையும் கழிக்கும் கலை எனக்கு வராது.

'ஊர்க்கோயில் பாட்டுக்கு உயிர் கொடுப்பது பாடகர் குழுவா, கூடியிருக்கும் மக்களா?' குழுதான் என்று பேச வந்திருக்கிறேன். தலைப்பை அப்புறம் பார்க்கலாம். முதலில் எதிரணி அண்ணனுக்கு ஒரு பாக்கி இருக்கிறது.

அண்ணன் என்ன சொன்னார்? "கீபோர்டில் பட்டனை அமுக்கினால் தாளம் தானாக ஓடுகிறது. மைக் ஊருக்கே எடுத்துக்கொடுக்கிறது. அப்புறம் எதற்குப் பன்னிரண்டு பேர்? வாராவாரம் புதுச் சேலை காட்டவா?" நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரரும் தட்டினார். அதை வீட்டில் வைத்துப் பேசிக்கொள்கிறோம்.

அண்ணே, சேலைக்கு வருகிறேன். 1903 நவம்பர் 22. பாடகர்களின் பாதுகாவலி புனித செசிலியாவின் திருநாள். அன்றைக்குத் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஓர் ஆணை போட்டார். பாடகர் குழுவில் பெண்கள் கூடாது, உச்சக்குரல் வேண்டுமென்றால் சிறுவர்களை வைத்துக்கொள்ளுங்கள். பியானோ கூடாது. டிரம், ஜால்ரா மாதிரி இரைச்சல் கருவிகள் கூடாது. செசிலியாவே ஒரு பெண், அவர் திருநாளிலேயே இந்தச் சேதி! இப்போது எங்கள் குழுவைப் பாருங்கள். முன்வரிசையில் எட்டுப் பெண்கள், பக்கத்தில் கீபோர்டு, பின்னால் ரிதம் பேட். கூடாது என்றதில் ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த மைக் முன்னால் வந்து நிற்க எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்து காத்திருந்தோம். பழைய சேலையிலா வருவோம்?

சரி, பட்டன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கோயிலில் பாஸ்கா இரவுப் பூசை, அதாவது உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின ராத்திரிப் பூசை. தவக்கால ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்கிற புகழ்ப்பாட்டைப் பாட மாட்டோம். அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, பாஸ்கா இரவில் பழைய ஏற்பாட்டு வாசகமெல்லாம் முடிந்ததும் விளக்கு அத்தனையும் எரிய, மணி அத்தனையும் அடிக்க, ஒரேயடியாகக் கிளப்ப வேண்டும். பெரிய வியாழனுக்குப் பிறகு கீபோர்டுக்கு அதுதான் முதல் வேலை. அதுவரை வெறுங்குரலில்தான் பாடினோம். இந்த இடைவெளியில் யாரோ ஒரு பொடியன், சுருதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பட்டனை ஐந்து தடவை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறான். யார் பெற்ற பிள்ளை என்று எனக்குத் தெரியாது. தெரியும், அவன் அம்மா இங்கே உட்கார்ந்திருப்பதால் சொல்லவில்லை.

ஐந்து அமுக்கு என்றால், ஒரு கட்டையில் பாடுகிற பாட்டு நாலு கட்டைக்குப் போய்விடும். அதாவது, மாடிப்படி ஏறலாம் என்று காலைத் தூக்கினால் தென்னைமரம் நிற்கும்.

சாமியார் தொடங்கினார். விளக்கு எரிந்தது. பூசைச் சிறுவர்கள் வருடக் கோபத்தையெல்லாம் மணியில் காட்டினார்கள். அந்தச் சத்தத்தில் முன்னிசை யாருக்குக் கேட்டது? கீபோர்டுத் தம்பி தலையை ஆட்டினான், நாங்கள் எடுத்தோம். முதல் வரி எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாவது வரியில் பக்கத்து அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மூன்றாவது வரி மேலே ஏறும். பாட்டு ஏறியது, நாங்கள் ஏறவில்லை. எட்டுப் பெண்களுக்கும் ஒரே நொடியில் இருமல்.

நடுவர் சிரித்ததில் பாதி கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன். உயிர்ப்புப் பெருவிழா, கோயில் நிறைய ஜனம், 'உன்னதங்களிலே' என்று ஆரம்பித்து, உன்னதம் வரைக்கும் போக முடியாமல் பாதியில் எட்டு இருமல்! அண்ணன் அரைமணி நேரம் புகழ்ந்தாரே மக்கள், அவர்கள் என்ன செய்தார்கள்? மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் அண்ணே, உங்கள் பட்டன் தாளம் மட்டும் நிற்கவே இல்லை. டிக்கு டிக்கு என்று ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கென்ன, தொண்டையா இருக்கிறது?

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு குரல். பேஸ் தாத்தா என்று கூப்பிடுவோம், பேஸ் என்றால் ஆண்களின் அடிக்குரல். உப்பளத்தில் உழைத்து ஓய்ந்தவர். சுரம் தெரியாது. பாட்டுத்தாளைப் பல நாள் தலைகீழாகப் பிடித்திருப்பார். அவர் அடுத்த வரியை ஒரு ஸ்தாயி கீழே, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எடுத்தார். ஆண்கள் பக்கம் அதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் நாங்களும் இருமலை விட்டு இறங்கி வந்தோம். பாட்டு முடிந்தது. அந்தத் தாத்தாவுக்கு எந்தக் கீபோர்டில் பட்டன் இருக்கிறது?

எதிரணித் தங்கை 1963ஆம் ஆண்டு வத்திக்கானில் ஆயர்கள் கூடிப் போட்ட சங்க ஏட்டைக் காட்டி, வழிபாட்டில் மக்கள் பங்கெடுக்க வேண்டும் என்றார். அதே ஏட்டின் 114ஆம் எண்ணில், பாடகர் குழுக்களை ஊக்கத்தோடு வளர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதே பத்தியில், மக்களும் பங்கெடுக்க வழி செய்ய வேண்டும் என்று வேறு வருகிறது. அதை நான் வாசிக்கப் போவதில்லை. இது பட்டிமன்றம், மறைக்கல்வி வகுப்பு அல்ல.

நற்கருணை வரிசையில் நிற்கும்போது குழுத்தலைவரின் கண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டுத்தாளில் இருக்காது, உங்கள் வரிசையில் இருக்கும். இன்னும் முப்பது பேர் என்றால் விரலைச் சுழற்றுவார், நாங்கள் இரண்டாவது சரணத்தை மறுபடி பாடுவோம். நீங்கள் எல்லாரும் வாங்கி முழங்காலிட்ட பிறகுதான் நாங்கள் போவோம்.

அப்புறம் சாவு. ஞாயிற்றுக்கிழமை பாட மக்கள் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மூன்று மணி அடக்கப் பூசைக்கு? வேலையில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிவருகிற நாலு பேர், ஒரு மைக். அந்த வீட்டுக்காரர்களால் பாட முடியாது. அவர்களுக்காக யாராவது பாட வேண்டுமே.

போன ஐப்பசியில், அடைமழையில், பேஸ் தாத்தா போனார். பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். கீபோர்டுத் தம்பி எங்களைக் கேட்கவில்லை. டிரான்ஸ்போஸ் பட்டனை அவனே கீழ்நோக்கி அமுக்கினான். நாலு தடவை, நான் எண்ணினேன். தாத்தாவுக்குத் தோதான சுருதி அது. எங்களுக்கு எட்டவில்லை, சும்மா உதட்டை அசைத்தோம். வாசற்படியில் குடையோடு நிற்பார்களே, எந்தப் பூசைக்கும் உள்ளே வராத ஆம்பிளைகள், அவர்கள் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து பாடினார்கள்.

என்ன அண்ணே சிரிக்கிறீர்கள்? இதை உங்கள் அணிக்குச் சொல்லிவிட்டேனா? சொன்னால் சொன்னதுதான். அன்றைக்குப் பின்வரிசையில் அவர் நிற்கிற இடத்தில் பாட்டுத்தாளை யாரோ விரித்து வைத்திருந்தார்கள். அதுவும் தலைகீழாக.

மணி அடித்துவிட்டது. வருகிறேன்.