மெஷினைக் காட்டறதுக்கு முன்னாடி பேட்டன்ட் தாக்கல் பண்ணிடுங்க

[திரையில்: வாசலில் குவிந்த புளி, சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுக்கும் கைகள்]

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சீசன் வந்துட்டா வாசல்லயே உட்கார்ந்து புளி தட்டுவாங்க. அந்த வேலைக்கு ஒருத்தர் மெஷின் யோசிச்சிருக்கார்னு வெச்சுக்குங்க. ரெண்டு ரப்பர் ரோலருக்கு நடுவுல புளி போகும், கொட்டை உடையாம தனியா விழும். இதை வேற யாரும் தூக்கிட்டுப் போகாம எப்படிப் பாதுகாக்கறது?

வழி பேட்டன்ட், அதாவது உங்க கண்டுபிடிப்பை மத்தவங்க செஞ்சு விக்காம தடுக்கற அரசு உரிமை. ஆனா வெறும் யோசனைக்கு சட்டத்துல பாதுகாப்பு கிடையாது. அது எப்படி வேலை செய்யுதுன்னு எழுதி, படம் வரைஞ்சு, பேட்டன்ட் ஆபீஸ்ல போட்ட தேதிதான் உங்களைக் காப்பாத்தும். உங்க பேருக்கே தபால் அனுப்பி, கவரைப் பிரிக்காம வெச்சிருந்தா போதும்னு சொல்றவங்க பேச்சை நம்பாதீங்க. அதனால பேட்டன்ட் உரிமை வராது.

[திரையில்: லேத் பட்டறை, மேஜையில் விரித்த டிராயிங்]

யோசனை பெரும்பாலும் கசியறது பட்டறையிலதான். ஓசூர்ல ஒரு லேத் பட்டறைக்கு வாட்ஸ்அப்ல முழு டிராயிங்கையும் அனுப்பிடறாங்க. அனுப்பறதுக்கு முன்னாடியே, "அண்ணே, இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க"ன்னு ரகசிய ஒப்பந்தத்தை நீட்டுங்க. எந்த டிராயிங், என்ன தேதி, வேற யாருக்கும் செஞ்சு தரக்கூடாது, இந்த மூணும் அதுல இருக்கணும். ரோலரை ஒரு இடத்துல, ஃபிரேமை இன்னொரு இடத்துல செய்யக் கொடுக்கறது இன்னும் நல்லது.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. பட்டறைக்காரர் சொன்ன மாற்றத்தாலதான் மெஷினே ஓடுதுன்னா, சட்டப்படி அவரும் கண்டுபிடிப்பாளர். தன் உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுக்கலேன்னா அவரும் பேட்டன்ட்ல பங்குதாரர் ஆகலாம். வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, பங்குதாரர் உங்களைக் கேக்காமலே அதே மெஷினை செஞ்சு விக்கலாம். அதனால தன் உரிமையை உங்களுக்கே எழுதித் தர்றார்ங்கற வரியையும் ஒப்பந்தத்துல சேத்துடுங்க.

அடுத்தது கண்காட்சி. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மாதிரி இடத்துல மெஷினை ஓட்டிக் காட்டினாலோ, யூடியூப்ல வீடியோ போட்டாலோ, அது ஊரறிஞ்ச விஷயம் ஆயிடும். அப்புறம் புதுமைங்கற தகுதியே போயிடும். மத்திய அரசு கெசட்ல அறிவிச்ச கண்காட்சின்னா மட்டும் 12 மாசம் சலுகை உண்டு. அதை நம்பி இறங்காதீங்க.

[திரையில்: ஃபார்ம் 1 (விண்ணப்பம்), ஃபார்ம் 2 (விவரக்குறிப்பு)]

தாக்கலுக்கு முன்னாடி கூகுள் பேட்டன்ட்ஸ்லயும், இந்திய பேட்டன்ட் ஆபீஸோட இலவசத் தேடல் பக்கத்துலயும் பாருங்க. இதே மாதிரி ஒண்ணு ஏற்கெனவே இருந்தா, உங்களோடதுல எது வித்தியாசம்னு அங்கேயே பிடிபட்டுடும். அப்புறம் ஆன்லைன்ல, தமிழ்நாட்டுக்காரங்களுக்கான சென்னை கிண்டி ஆபீஸுக்கு, தற்காலிக விண்ணப்பம் போடுங்க. முழு விவரம் தர்றதுக்கு முன்னாடியே தேதியைப் பிடிச்சு வெக்கற விண்ணப்பம் அது. தனிநபருக்கு 30 பக்கம் வரைக்கும் கட்டணம் 1,600 ரூபாய். கம்பெனி பேர்ல போட்டு இதே கட்டணம் வேணும்னா, உத்யம் சான்றிதழோட (சிறு தொழில் பதிவுச் சான்று) ஃபார்ம் 28 கொடுக்கணும்.

தற்காலிகம்தானேன்னு அரைப் பக்கத்துல முடிச்சிடறாங்க. பெரிய தப்பு அது. இதுல எழுதாத எதுக்கும் இந்தத் தேதி கிடைக்காது. ரோலர் இடைவெளி 8 மி.மீ.ன்னு ஒரே அளவோட நிறுத்தாதீங்க. 6-லிருந்து 12 வரைக்கும்னு எழுதுங்க. ரப்பருக்கு பதிலா பிரஷ் வெச்சாலும் ஓடும்னா அதையும், மோட்டார் இல்லாம கையால சுத்தற வடிவத்தையும் படத்தோட சேருங்க. நீங்க விட்ட வழியிலதான் காப்பி அடிக்கறவன் உள்ள வருவான்.

மெஷினோட வெளித்தோற்றம் புதுசா இருந்தா அதைத் தனியா டிசைனா பதியலாம். தனிநபருக்கு 1,000 ரூபாய், 10 வருஷம், இன்னும் 5 நீட்டிக்கலாம். இதையும் வெளியில காட்டறதுக்கு முன்னாடியே போடணும். விவசாய முறைக்கும், பாரம்பரியமா தெரிஞ்ச விஷயத்துக்கும் பேட்டன்ட் கிடையாது.

தாக்கல் ஆனதும் "பேட்டன்ட் விண்ணப்பித்தது"ன்னு போட்டுக்கலாம். பேட்டன்ட் கிடைக்கறதுக்கு முன்னாடி "பேட்டன்ட் பெற்றது"ன்னு ஸ்டிக்கர் ஒட்டினா அபராதம். காப்பி அடிச்சவர் மேல வழக்குப் போடறதுக்கும் பேட்டன்ட் கைக்கு வரணும்.

[திரையில்: நாள்காட்டி]

தாக்கல் தேதியிலிருந்து 12 மாசத்துக்குள்ள முழு விவரக்குறிப்பு (எதெதுக்கு உரிமை கேக்கறீங்கன்னு சொல்ற ஆவணம்) போடலேன்னா விண்ணப்பம் கைவிட்டதா ஆயிடும். 31 மாசத்துக்குள்ள விண்ணப்பத்தை ஆபீஸ் பரிசோதிச்சுப் பாக்கணும்னு கேட்டு ஃபார்ம் 18 போடணும், தனிநபருக்கு 4,000 ரூபாய். அதை மறந்தா விண்ணப்பத்தை நீங்களே வாபஸ் வாங்கினதா எடுத்துக்குவாங்க. ரெண்டு தேதியையும் இன்னைக்கே போன்ல அலாரமா போட்டுடுங்க.