லண்டனுக்குப் போக ஒரு நேரம், வர இன்னொரு நேரம்: ஏன்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "மகள் கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்குப் போக பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறது. வரும்போது பத்தரைதான். தூரம் ஒன்றுதானே, பூமி சுற்றுவதாலா இப்படி?"

இதை வாசித்ததிலிருந்து எனக்கு ஒரே சந்தோசம்.

தூரம் ஒன்றுதான் அம்மா, சுமார் 8,700 கிலோமீற்றர். ஆனால் பூமி சுற்றுவதுதான் நேரடிக் காரணமென்றால் கணக்குத் தலைகீழாக அல்லவா வரவேண்டும்? பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. மட்டக்களப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும் நாமே மணிக்கு 1,650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறோம். அப்படியானால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி லண்டன் தானாக வந்து சேர வேண்டும். கல்லடிப் பாலத்துக்கு மேலே அசையாமல் நிற்கும் ஹெலிகொப்டர் ஒரு மணித்தியாலத்தில் அரபிக்கடலுக்கு மேலே இருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லையே! ஓடுகிற உதயதேவி ரயிலுக்குள் பந்தை மேலே எறிந்தால் அது உங்கள் கையில்தான் விழும். காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகின்றன.

வித்தியாசத்தை உண்டாக்குவது மேலே வீசும் காற்று. விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது தாரைக்காற்று (jet stream) என்ற வேகமான காற்றோட்டம். மணிக்கு 900 கிலோமீற்றர் வேக விமானத்துக்குச் சராசரியாக 50 கிலோமீற்றர் எதிர்க்காற்று இருந்தால் வேகம் 850, பின்காற்றானால் 950. 8,700ஐ இரண்டாலும் வகுத்துப் பாருங்கள், ஒரு மணித்தியால வித்தியாசம் வந்துவிடும். 2020 பெப்ரவரியில் புயலோடு சேர்ந்த இந்தக் காற்று, நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்றை 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் கொண்டுபோய் இறக்கியது.

ஆனால் நீங்கள் அடுத்ததாகக் கேட்டிருக்க வேண்டியது, அந்தக் காற்று ஏன் கிழக்கே ஓடுகிறது என்பது. எனக்கு அதைச் சொல்லத்தான் ஆசை. நம்முடைய வெப்பவலயத்தில் சூடாகி எழும் காற்று உயரத்தில் வடக்கே நகர்கிறது. புறப்படும்போது அதனிடம் இருப்பது நம்முடைய 1,650. ஆனால் வடக்கே போகப் போக நிலம் சுற்றும் வட்டம் சிறிதாவதால், 30 பாகை வட அகலாங்கில் நிலத்தின் வேகமே 1,450தான். காற்று தன் வேகத்தை விடாமல் வருவதால் நிலத்தை முந்திக்கொண்டு கிழக்கே பாய்கிறது. ஆகவே அம்மா, உங்கள் ஊகம் பாதி சரி: பூமியின் சுழற்சி விமானத்தை நேராகத் தொடவில்லை, காற்றின் வழியாகத் தொடுகிறது.

1920களில் பலூன்களை ஏவி இந்தக் காற்றை முதலில் அளந்தவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி. உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று அறிக்கையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோ மொழியில் எழுதினார். அந்த மொழி தெரிந்தவர்கள் மிகச் சிலர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானின் வானத்தில் அந்தக் காற்றில் அகப்பட்டுத் திணறியபோதுதான் அதன் பலம் வெளியுலகுக்கு உறைத்தது.