பழுப்பு அட்டை, பழைய ரசீது, 826 ரூபாய்

வணக்கம் மக்களே! வந்துவிட்டது! போன மாதம் முழுக்க எந்த வீடியோ போட்டாலும் நடுவில் "இன்னும் வரவில்லை" என்று புலம்பிக்கொண்டிருந்தேனே, அந்தப் பார்சல்தான். தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நேரடி நிகழ்ச்சி ஆல்பம் 'லைவ் அட் லீட்ஸ்', 1970-இல் வந்த தட்டு, இங்கிலாந்திலிருந்து நேராக என் வீட்டு மேசைக்கு.

கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள். பழுப்பு அட்டை. படம் கிடையாது, முகம் கிடையாது. ஓரமாக ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது மாதிரி நீல எழுத்தில் பெயர் மட்டும். அம்மா பார்த்துவிட்டு, "இது தட்டா, தட்டு வந்த பார்சலா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் கள்ளத்தனமாகப் பதிவு செய்து விற்ற ரெக்கார்டுகள் இப்படித்தான் வெற்று அட்டையில் வரும். அதையே கிண்டல் செய்து இவர்கள் தங்கள் அசல் தட்டை இப்படிப் போட்டார்கள்.

உள்ளே போவதற்கு முன்னால் அந்த 826 ரூபாயைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். தட்டின் விலையை நான் ஒத்துக்கொண்டேன். அனுப்பும் செலவு கிட்டத்தட்ட தட்டின் விலையில் பாதி, அதையும் ஒத்துக்கொண்டேன். சுங்கவரி, சரி, அரசாங்கம் வாழட்டும். எல்லாம் கட்டி முடித்த பிறகு கூரியர் நிறுவனத்திலிருந்து போன். "மேடம், ஹேண்டிலிங் சார்ஜ் 826 இருக்கு." எதைக் கையாண்டீர்கள்? ஒரு மூலை மடங்கி வந்திருக்கிறது! மடக்கியதற்கா கட்டணம்? நான் கேட்டேன், அந்தப் பையன் "எனக்குத் தெரியாது மேடம், சிஸ்டம்ல காட்டுது" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எண்ணூறு என்று கேட்டிருந்தாலாவது ஏதோ குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று விட்டிருப்பேன். அந்த இருபத்தாறு எங்கிருந்து வந்தது? யார் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்? ரசீது கேட்டு வாங்கிவிட்டேன். கசங்கிய தாள், இதோ. இதை ஏன் தூக்கிப் போடவில்லை என்று இப்போது தெரியும்.

அட்டையைத் திறக்கிறேன். ஒரு பக்கம் தட்டு. மறு பக்கப் பையில்... பாருங்கள், பாருங்கள். காகிதங்கள்! மொத்தம் பன்னிரண்டு இருக்க வேண்டும், பன்னிரண்டும் இருக்கின்றன. பழைய தட்டு வாங்குகிறவர்களுக்குத் தெரியும், இந்தத் தட்டு சுலபமாகக் கிடைக்கும், காகிதங்கள் முழுசாகக் கிடைப்பதுதான் கஷ்டம். போஸ்டரை யாராவது சுவரில் ஒட்டியிருப்பார்கள், மிச்சத்தைக் குழந்தை கிழித்திருக்கும். விற்றவரிடம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவர் பொறுமைசாலி.

எல்லாம் நகல்கள்தான், ஆனால் என்ன மாதிரி நகல்கள் தெரியுமா? 'மை ஜெனரேஷன்' பாட்டின் வரிகள், டைப் அடித்து, கையால் திருத்தியது. அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவுக்குப் போட்ட ஒப்பந்தம். ஈ.எம்.ஐ. ரெக்கார்டு கம்பெனி "வேண்டாம்" என்று அனுப்பிய கடிதம். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்தது, மேடையில் போட வாங்கிய புகைக்குண்டுகளுக்கான ரசீது. ரசீது மக்களே! ராக் இசை வரலாற்றின் தலைசிறந்த நேரடிப் பதிவுகளில் ஒன்று, அதை வாங்கினால் கூடவே புகைக்குண்டு பில். என்னுடைய 826 ரூபாய் ரசீதை பதின்மூன்றாவது காகிதமாக இந்தப் பைக்குள்ளேயே வைக்கப் போகிறேன். ஐம்பது வருஷம் கழித்து வாங்குகிறவர் குழம்பட்டும்.

இந்தக் காகிதங்களைப் பார்த்ததும் எனக்குப் பாடகர், கிட்டார்காரர் யாரும் நினைவுக்கு வரவில்லை, மேனேஜர்கள்தான் வந்தார்கள். இதெல்லாம் மேனேஜரின் மேசை இழுப்பறையில் கிடக்கிற சாமான்கள். நேரடி ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கைதட்டலைப் பற்றிப் பேசுகிறார்கள். வேனுக்கு யார் காசு கொடுத்தார், டேப் ஓட யார் அனுமதித்தார், எந்த டேப்பை யார் ஒழித்துக் கட்டினார், இதை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் சுவை.

இவர்களுக்கு இரண்டு மேனேஜர்கள். கிட் லாம்பர்ட், கிறிஸ் ஸ்டாம்ப். இருவருமே சினிமாவில் உதவி இயக்குநர்களாக இருந்தவர்கள். 1964-இல் ஒரு இசைக்குழுவை வைத்துப் படம் எடுக்கலாம் என்று தேடிப் போய், கடைசியில் படத்தை விட்டுவிட்டுக் குழுவைப் பிடித்துக்கொண்டார்கள். லாம்பர்ட்டின் அப்பா கான்ஸ்டன்ட் லாம்பர்ட், பெயர் பெற்ற இசையமைப்பாளர். இவர்கள் கையில் கிடைத்த குழுவோ, மேடை முடிவில் கிட்டாரையும் டிரம்ஸையும் உடைக்கிற குழு. வருமானத்தைவிட உடைத்த சாமான் விலை அதிகம். வருஷக்கணக்கில் கடன்.

சரி, லீட்ஸுக்கு வருகிறேன். 1969 அமெரிக்கப் பயணத்தில் இவர்கள் போன இடமெல்லாம் பதிவு செய்தார்கள், சவுண்ட் இன்ஜினியர் பாப் பிரிடன். ஊருக்குத் திரும்பினால் டேப் மலையாகக் குவிந்திருக்கிறது. யார் உட்கார்ந்து கேட்பது? குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட் என்ன செய்தார் தெரியுமா? அத்தனையையும் எரித்துவிடு என்று சொல்லிவிட்டார். திருட்டு ரெக்கார்டுக்காரர்கள் கையில் சிக்கக் கூடாதாம். எனக்கு இதை நினைத்தாலே வயிறு எரியும். வேண்டாமென்றால் பெட்டியில் போட்டுப் பூட்டி வையுங்களேன்!

எரித்த பிறகு புதிதாகப் பதிய இரண்டே நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்தார்கள். 1970 பிப்ரவரி 14, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடம். ஆமாம், மாணவர்கள் சாப்பிடுகிற இடம். மறுநாள் 15, ஹல் நகர மன்றம். ஹல் பதிவில் முதல் சில பாட்டுகளுக்கு ஜான் என்ட்விசிலின் பேஸ் கிட்டாரே டேப்பில் ஏறவில்லை. அதனால் லீட்ஸ் ஜெயித்தது. ஹல் டேப் பெட்டியில் தூங்கி, 2010-இல்தான் வெளியே வந்தது, விட்டுப்போன இடத்துக்கு லீட்ஸ் பேஸையே ஒட்டவைத்து.

அட, ஒன்று விட்டுப்போய்விட்டது. தட்டின் நடு லேபிளைக் காட்டவில்லை. கையால் எழுதியது, "கரகர சத்தம் இருக்கட்டும், சரிசெய்ய வேண்டாம்" என்ற பொருளில். தட்டு பழுதென்று வாங்கியவர்கள் கடைக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்றுதான். இதற்காகவே எனக்கு இவர்களைப் பிடிக்கும். ஆறே பாட்டு, கரகர சத்தத்தோடு, எடுத்துக்கொள்.

வுட்ஸ்டாக் ஒப்பந்தம் என்றேன் அல்லவா? அந்த விழாவில் இவர்கள் மேடை ஏறியபோது அதிகாலை ஐந்து மணி. காசு கையில் வராமல் ஏற மாட்டோம் என்று இவர்களுடைய பயண மேனேஜர் பிடிவாதமாக நின்றார். நடுராத்திரியில் ரொக்கத்துக்கு அலைந்து கொடுத்தார்கள். அன்பும் அமைதியும் பேசிய விழா என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள், அந்த ரொக்கத்தைப் பற்றி ஒரு வரி வந்தால் அதிசயம்.

இப்போது நம் ஆள். ஆமாம், பீட்டர் கிராண்ட். பழைய பார்வையாளர்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. லெட் ஸெப்பலின் மேனேஜர், மலை மாதிரி உருவம், முன்னாள் மல்யுத்தக்காரர், கிளப் வாசல் காவலாளி. அன்றைய வழக்கத்தை உடைத்து, டிக்கெட் வசூலில் நூற்றுக்குத் தொண்ணூறு குழுவுக்கு, நிகழ்ச்சி நடத்துகிறவருக்குப் பத்து என்று கறாராகப் பேசியவர். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பெரிய பங்கு எடுத்துக்கொண்டிருந்த தொழில் அது. மேனேஜர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று திட்டுகிறவர்கள் இந்த ஒரு கணக்கையாவது படிக்க வேண்டும்.

அவருடைய பரம விரோதி டேப் ரெக்கார்டர். 1970-இல் இங்கிலாந்தின் பாத் இசைத் திருவிழாவில் அனுமதியில்லாமல் பதிவு செய்கிறவர்களைக் கண்டுபிடித்து, ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அந்தக் கருவி மேல் ஊற்றிவிட்டார். அதே மாலையில் முந்தைய குழுவை மேடையிலிருந்து வெளியேற்றியதும் அவர்தான். சூரியன் மறைகிற நேரத்தில் தன் பிள்ளைகள் மேடையில் நிற்க வேண்டுமாம். அராஜகம்தான். ஆனால் ரசனையுள்ள அராஜகம்!

அடுத்த வருஷம் கனடாவின் வான்கூவர். கூட்டத்தில் யாரோ மைக்கை நீட்டிப் பிடித்திருந்தார்கள். கிராண்ட் போய்க் கருவியை நொறுக்கிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அது சத்தம் எவ்வளவு என்று அளக்க வந்த அரசு ஆட்களின் கருவி. இந்தக் கதையை நான் எத்தனை வீடியோவில் சொல்லியிருக்கிறேன் என்று கமெண்டில் எண்ண வேண்டாம். இனியும் சொல்வேன்.

1973 ஜூலையில் நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லெட் ஸெப்பலினுக்கு மூன்று இரவுகள், 27 முதல் 29 வரை. சினிமாவுக்காகக் கேமரா ஓடுகிறது, ஆல்பத்துக்காக டேப் ஓடுகிறது. அந்த நேரத்தில் அவர்கள் தங்கிய டிரேக் ஹோட்டலின் பாதுகாப்புப் பெட்டகத்திலிருந்து சுமார் 2,03,000 டாலர் காணாமல் போனது. பயண மேனேஜர் ரிச்சர்ட் கோல் பெட்டகத்தைத் திறந்தபோது பணம் இல்லை. கடைசி வரை திரும்பக் கிடைக்கவுமில்லை. அத்தனை ரொக்கத்தை ஏன் ஹோட்டலில் வைத்தார்கள் என்று கேட்பீர்கள். பயணம் அப்போது ரொக்கத்தில்தான் ஓடியது. விமானம், கார், கூலி, எல்லாம் நோட்டுக்கட்டு.

அந்தப் படத்தில் இன்னொரு வேடிக்கை. மூன்று இரவு எடுத்தும் பல பாட்டுகளுக்கு நடுவில் துண்டு துண்டாகக் காட்சி இல்லை. அடுத்த வருஷம் இங்கிலாந்தில் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் மேடை போட்டு, டேப்பை ஓடவிட்டு, வாசிப்பது போல நடித்துக் காட்டினார்கள். அதற்குள் ஜான் பால் ஜோன்ஸ் முடி வெட்டியிருந்தார். ஆகவே விக்! படம் 1976-இல் வந்தது. நேரடி நிகழ்ச்சிப் படம் என்று பெயர், பேஸ்காரர் தலையில் டோப்பா. நான் அந்தக் காட்சிகளில் அவர் தலையை மட்டும்தான் பார்ப்பேன். உங்களாலும் இனிமேல் வேறெதையும் பார்க்க முடியாது.

முடியாவது போகட்டும். பாட்டையே ஸ்டூடியோவில் திரும்பப் பாடி ஒட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அதில்தான் எனக்குக் கோபம். தின் லிஸி குழுவின் 1978 நேரடி ஆல்பத்தை எடுங்கள், 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்'. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி, பெரும்பகுதி ஸ்டூடியோவில் மறுபடி வாசித்தது என்கிறார். மேனேஜர் கிறிஸ் ஓ'டானல், முக்கால்வாசி நேரடி, மீதி மட்டும் ஒட்டுவேலை என்கிறார். ஒரே தட்டு, இரண்டு கணக்கு. மேனேஜர் சொல்வதையே வைத்துக்கொண்டாலும் கால்வாசி ஒட்டு. அட்டையில் போட்டிருக்கலாமே.

கிஸ் குழுவின் 'அலைவ்!' ஆல்பமும் அப்படித்தான், 1975. ஸ்டூடியோவில் நிறையப் பூசினார்கள். எனக்கு அந்தத் தட்டு பிடிக்காது, திட்டுகிறவர்கள் திட்டுங்கள். மேனேஜர் பில் ஆகாய்னை மட்டும் பிடிக்கும். குழு கடனில் மூழ்கிக் கிடந்தபோது பயணச் செலவைத் தன் சொந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டில் போட்டு ஓட்டினார் அந்த மனிதர். நெருப்பு, புகை, ரத்தம் துப்புவது, எல்லாம் கார்டில்! அந்தத் தட்டு ஓடியதால்தான் குழுவும் பிழைத்தது, அவர்களுடைய காசாபிளாங்கா ரெக்கார்டு கம்பெனியும் பிழைத்தது.

ஒட்டுவேலையே இல்லாமல் வேண்டுமா? டீப் பர்ப்பிள் குழுவின் 'மேட் இன் ஜப்பான்'. 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா, 17 டோக்கியோ புடோகான். ஜப்பான் ரெக்கார்டு கம்பெனி கேட்டதால் அரைமனதாகச் சம்மதித்தார்கள், ஆனால் எங்கள் இன்ஜினியர்தான் பதிவார் என்று மார்ட்டின் பர்ச்சை அழைத்துப் போனார்கள். எட்டு டிராக் டேப்பில் பதிவு. செலவு ஏறக்குறைய 3,000 டாலர். மிக்ஸ் செய்ய உட்கார்ந்தது குழுவின் ரோஜர் குளோவரும் டிரம்ஸ்காரர் இயன் பேஸும் மட்டும், மற்றவர்களுக்கு ஆர்வமே இல்லை. அக்கறை இல்லாமல் போட்ட தட்டு இப்படி ஒலிக்கிறது என்றால், அக்கறை எடுத்தவர்களை என்ன சொல்வது!

இப்போது என் செல்லங்கள், கிரேட்ஃபுல் டெட் குழு. கிராண்டுக்கு நேர் எதிர். ரசிகர்கள் டேப் ரெக்கார்டரோடு வந்தால் இவர்கள் வாளியைத் தேடவில்லை. 1984-இல் அவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கி, மைக் நட்டுக்கொள்ளுங்கள் என்று டிக்கெட் விற்றார்கள். பதிந்ததை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம், காசுக்கு விற்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால்தான் அவர்களுடைய எந்த வருஷத்து நிகழ்ச்சியையும் இன்று கேட்க முடிகிறது. ஹூ குழுவின் அமெரிக்க டேப்புகள் சாம்பல். நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

"அவர்களும் 'யூரோப் 72' தட்டில் குரல்களை ஸ்டூடியோவில் மறுபடி பாடினார்களே" என்று ஒருத்தர் வந்து எழுதுவீர்கள். தெரியும், தெரியும். பாடினார்கள். அந்த ஐரோப்பியப் பயணச் செலவை ரெக்கார்டு கம்பெனி ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு ஆல்பம் கேட்டது. மூன்று தட்டு கொடுத்தார்கள். ஒட்டியது தப்புதான். செல்லம் என்பதால் விட்டுவிடுகிறேன், இதில் நியாயம் பார்க்காதீர்கள்.

சரி, தட்டைப் போடலாம். இரண்டாம் பக்கத்தில் 'மை ஜெனரேஷன்' பதினைந்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, காப்புரிமைக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்பதால் உங்களுக்குப் பத்து விநாடி மட்டும். அடுத்த வீடியோவில் ஹல் பதிவையும் லீட்ஸையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒட்டிய பேஸ் காதில் மாட்டுகிறதா என்று பார்க்கலாம், ஹெட்போன் எடுத்து வையுங்கள். கூரியர் நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது பார்த்தால், அந்த இருபத்தாறு ரூபாய் எப்படி வந்தது என்று மட்டும் எழுதுங்கள்.